பெட்டி பெரிதல்ல, அது நிற்கும் நாலு கல்தான் பெரிது

(வானொலியில் நிகழ்த்திய உரை)



விளைவிப்பது ஒரு பாடு என்றால், விளைந்ததைக் காப்பாற்றி வைப்பது இன்னொரு பாடு. துறைமுகத்தில் கழித்துப் போடுகிற பழைய கன்டெய்னர் பெட்டி ஒன்றை வாங்கித் தோட்டத்தில் வைத்துக்கொண்டால் என்ன? உரம், பைப்பு, மருந்தடிக்கிற பம்பு, காய்ந்த சரக்கு எல்லாவற்றையும் போட்டுப் பூட்டிவிடலாமே? இப்படிக் கேட்கிறவர்கள் நம்ம போடிநாயக்கனூர்ப் பக்கமும் உண்டு. வைக்கலாம், தப்பே இல்லை. ஆனால் அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது, எதற்காகச் செய்தார்கள், அதன் பலம் எந்த இடத்தில் இருக்கிறது என்கிற கதை தெரிந்தால்தான், அதை எப்படி உட்காரவைக்க வேண்டும் என்பது விளங்கும். அந்தக் கதையில் பாதி நம்ம மலையிலேயே நடந்திருக்கிறது.

குலுக்கை சொன்ன பாடம்

முதலில் நம் வீட்டுக் குலுக்கையை நினைத்துப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் குதிர் என்பார்கள், நம்ம தெற்கத்திச் சீமையில் குலுக்கை. களிமண்ணில் வைக்கோலைச் சேர்த்துப் பிசைந்து, உறை உறையாக அடுக்கி, ஆள் உயரத்துக்கு எழுப்புவார்கள். கம்பு, சோளம், நெல் எதுவானாலும் மேலே கொட்டி, கீழே ஒரு துவாரத்தில் எடுத்துக்கொள்வது. அதை வெறும் தரையில் யாராவது வைத்தார்களா? இல்லை. கீழே கல்லைப் போட்டு, கல்லின் மட்டத்தைச் சரிபார்த்து, அதன் மேலேதான் குலுக்கை. தரையிலே வைத்தால் ஈரம் ஏறும், கரையான் ஏறும், எலி அடியிலே வளை தோண்டும். ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டால் மண் சுவர் விரிசல் விட்டுவிடும். நம் பாட்டிமார் பொறியியல் படித்தவர்கள் அல்ல. ஆனாலும், பண்டம் இருக்கும் கலத்தைவிடக் கலம் நிற்கும் இடம் முக்கியம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய பேச்சின் சாரமும் அதுதான்.

மலையில் ஏறிய ஸ்டோர்

இனி மலைக்கு வருவோம். ஏலமலை அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் நம் ஆட்கள்தான் மலையேறி, பெருமரங்களின் நிழலில் ஏலம் வளர்த்தார்கள். ஆனால் விளைந்த காயை இஷ்டப்படி விற்க முடியாது. ஏலக்காய் சர்க்காரின் ஏகபோகம். 1896-ல்தான் அந்த ஏகபோகம் போய், நிலத்துக்குத் தீர்வை என்று ஆயிற்று. அதற்குப் பிறகு சரக்கு குடியானவனுக்குச் சொந்தம். சரக்கு சொந்தம் என்றால் அதைக் காய வைக்கிற, பத்திரப்படுத்துகிற பொறுப்பும் அவனுக்குச் சொந்தம்.

பறித்த பச்சைக் காயில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர்தான். அதை 10 பங்குக்கும் கீழே கொண்டுவந்தால்தான் காய் நிற்கும். வெயிலில் போட்டால் பச்சை நிறம் வெளுத்துவிடும். அதனாலேதான் நெருப்புச் சூட்டில் உலர்த்துகிற கூடம் வந்தது. உலர்த்துகிற அந்தக் கட்டடத்தையே தோட்டத்தில் 'ஸ்டோர்' என்று சொல்கிற வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. வெளியே அடுப்பு, உள்ளே சூட்டைக் கொண்டுபோகிற குழாய், மேலே தட்டுத் தட்டாகக் காய், ஏறக்குறைய 45, 50 டிகிரி சூடு. இந்தத் தட்டுகள் சமமாக நிற்காவிட்டால் காய் ஒரு பக்கமாகச் சரிந்து குவியும். குவிந்த இடம் காயாது. மட்டம் பார்ப்பது அழகுக்கு அல்ல, காசுக்கு என்பதை நம் ஆட்கள் ஸ்டோரில் கற்றுக்கொண்டார்கள்.

தேயிலைப் பெட்டியும் கொட்டகுடி இறக்கமும்

அதே காலத்தில் நமக்கு மேலே மூணாறு மலையில் தேயிலை விளைந்தது. அதைக் கடலுக்குக் கொண்டுபோக வழி வேண்டுமே? 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஒரே ஒரு தண்டவாளம். பெரும்பாரம் அதன்மேல் ஓடும். வண்டி சாயாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு சக்கரம் தரையில் உருளும். இழுத்தது என்ஜின் அல்ல, காளை மாடு. 1908-ல் அதை மாற்றி இரண்டடி அகலமுள்ள சிறு ரயில் பாதை ஆக்கினார்கள்.

அந்தப் பாதை டாப் ஸ்டேஷன் என்கிற உச்சியிலே வந்து முடியும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு, ஐந்து கிலோமீட்டர் இறங்கி, நம்ம கொட்டகுடிக்கு வந்தன. மேலே டாப் ஸ்டேஷன், கீழே இருந்த கொட்டகுடிக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்று பேர். கொட்டகுடியிலிருந்து போடிக்குப் பதினைந்து கிலோமீட்டர் மாட்டு வண்டி. போடிக்கு அப்போது ரயில் கிடையாது. வண்டிகளே மேற்கொண்டும் போய் ரயிலைப் பிடிக்க வேண்டும். அப்புறம் கப்பல் ஏறி இங்கிலாந்து.

அந்தத் தேயிலைப் பெட்டியைக் கொஞ்சம் கவனியுங்கள். மெல்லிய பலகைதான். ஆனால் ஓரங்களிலும் முனைகளிலும் தகரப் பட்டை வைத்து ஆணி அடித்திருப்பார்கள். உள்ளே ஈரம் புகாமல் ஈயத் தாள். பலகை பாரம் தாங்காது. பாரம் தாங்குவது முனையும் ஓரமும். கம்பிவடம், தண்டவாளம், மாட்டு வண்டி என்று மூன்று விதமாக ஏறி இறங்கியும் உடையாமல் போய்ச் சேர்ந்ததற்கு அந்தக் கட்டுமானம்தான் காரணம். பிற்காலத்துக் கன்டெய்னருக்கு இதை ஒரு பாட்டன் என்று சொல்லலாம்.

1924 ஜூலையில் பெருமழை வந்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்னமும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். குண்டளை ரயில் பாதை அடித்துக்கொண்டு போயிற்று. திரும்பப் போடவே இல்லை. பதினாறு வருஷம் ஓடின பாதை, ஒரு மழையில் முடிந்தது. இரும்பு பலமில்லையா? பலம்தான். அது உட்கார்ந்திருந்த மண்ணைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்ப வந்தது. 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்தி, 2023 ஜூனில் மறுபடி போடிக்கு ரயில் வந்தது.

கடல் கடந்து வந்த இரும்புப் பெட்டி

சரி, கன்டெய்னர் எப்படி வந்தது? முன்காலத்தில் துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக ஏற்றி மூட்டை மூட்டையாக இறக்குவார்கள். ஒரு கப்பலுக்கு நாள் கணக்கில் ஆகும். அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்று ஒருவர், லாரித் தொழில் செய்து முன்னுக்கு வந்தவர். மூட்டையை ஏன் நாலு தரம் ஏற்றி இறக்க வேண்டும், லாரியின் பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று யோசித்தார். 1956 ஏப்ரல் 26-ம் தேதி 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகள் நூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போயின. மூட்டையாக ஏற்ற டன்னுக்கு ஆறு டாலருக்குக் கொஞ்சம் குறைவாக ஆன கூலி, பெட்டியாக ஏற்றியபோது 16 சென்ட் அளவுக்கு இறங்கியது. ஆறு ரூபாய் கொடுத்த இடத்தில் 16 காசு கொடுத்தது போல.

இதிலே மெக்லீனுக்குத் துணையாக நின்றவர் கீத் டான்ட்லிங்கர் என்கிற பொறியாளர். பெட்டியின் ஒவ்வொரு முனையிலும் ஓட்டையுள்ள கனமான இரும்புக் கட்டை, அதில் நுழைத்துத் திருகினால் பூட்டிக்கொள்கிற பூட்டு, இந்த ஏற்பாடு அவருடையது. இந்த முனைப்பூட்டின் உரிமையை 1960-களில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி மெக்லீன் விட்டுக்கொடுத்தார். அதனாலேதான் உலகம் முழுக்க ஒரே அளவு, ஒரே முனை என்று ஆயிற்று.

இந்தியாவுக்கு முதல் கன்டெய்னர் கப்பல் எங்கே வந்தது தெரியுமா? பம்பாய்க்கும் இல்லை, சென்னைக்கும் இல்லை. 1973 நவம்பரில் நமக்குப் பக்கத்திலுள்ள கொச்சிக்குத்தான் வந்தது. கப்பலின் பெயர் 'பிரசிடென்ட் டைலர்'. நம்ம போடி மெட்டு ஏறி, பூப்பாறை, மூணாறு வழியாகப் போகிற அதே சாலை கொச்சியிலேதான் முடிகிறது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னருக்கென்று தனி முனையம் வந்தது 1983-ல்.

பலம் எங்கே இருக்கிறது?

20 அடிப் பெட்டி என்பது வெளி அளவில் 19 அடி 10½ அங்குல நீளம், 8 அடி அகலம், 8½ அடி உயரம். வெறும் பெட்டியே இரண்டேகால் டன் எடை. கப்பலில் இதன்மேல் இன்னும் ஐந்தாறு நிறைபெட்டிகளை அடுக்குகிறார்கள். அவ்வளவு பாரத்தையும் தாங்குவது எது? சுவரா? சுவர் வெறும் மடிப்புத் தகடு, இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. நாலு முனையில் நிற்கிற நாலு தூண்தான் தாங்குகிறது. கீழ்முனைக் கட்டைகள், பெட்டியின் அடிச்சட்டத்தைவிட அரை அங்குலம் கீழே தள்ளி நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அதாவது, 'என்னை நாலு முனையில் நிறுத்து, வயிற்றில் படுக்கவைக்காதே' என்று பெட்டியே சொல்கிறது.

நாலு காலில் ஒரு கால் குட்டையான கயிற்றுக் கட்டிலைப் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்தால் ஆடும், கட்டிலின் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கன்டெய்னரும் அப்படித்தான். மூன்று முனை கல்லிலும் நாலாவது முனை காற்றிலும் இருந்தால், சரக்கு ஏற ஏறச் சட்டம் முறுக்கும். முதலில் தெரிவது கதவில்தான். நேற்றுவரை சுலபமாக மூடிய கதவு இன்றைக்கு இடிக்கும். அப்புறம் ரப்பர் விளிம்பில் சந்து விழும். அந்தச் சந்து வழியாகச் சாரல் உள்ளே போகும். கதவு இறுகிவிட்டது என்று சுத்தியலால் அடிக்கிறோம். கோளாறு கதவில் இல்லை, கல்லில் இருக்கிறது.

நம்ம சரிவில் வைப்பது எப்படி?

முதலில் இடம். ஓடை போகிற தாரையில் வேண்டாம். வெயில் காலத்தில் வறண்டு கிடக்கிறதே என்று நம்பக்கூடாது. 1924-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மண் வெடிப்பு விட்ட சரிவுக்கு அடியிலும் வேண்டாம். 2020 ஆகஸ்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் புதைந்து 70 பேர் மாண்டார்கள். மலையில் மண்ணை வெட்டுவது விளையாட்டு அல்ல. வெட்டவும் கட்டவும் மலைப் பகுதியில் தனி விதிகள் இருக்கின்றன. ஏலமலைப் பட்டா நிலத்துக்கு இன்னும் கெடுபிடி உண்டு. வருவாய்த் துறையில் கேட்டு, அனுமதி வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

அடுத்தது திசை. சம உயர வரப்புப் போடுகிறோம் அல்லவா, அந்தப் போக்கிலேயே பெட்டியின் நீளவாட்டத்தை வையுங்கள். காரணம் கணக்கிலே இருக்கிறது. ஐந்தடிக்கு ஓரடி சரிவு என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைச் சரிவோடு நீளமாக வைத்தால், 20 அடிக்கு 4 அடி உயர வித்தியாசம். சரிவுக்குக் குறுக்கே வைத்தால், 8 அடிக்கு ஓரடி ஏழு அங்குலம்தான். மண் வெட்டுகிற கூலியும் மிச்சம், சரிகிற ஆபத்தும் குறைவு.

மூன்றாவதுதான் பலர் ஏமாறுகிற இடம். ஜே.சி.பி. வந்து மேல் பக்கம் வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப் பக்கம் தள்ளி நிரவிவிட்டுப் போகும். பார்வைக்குச் சமதளம். ஆனால் மேல் பாதி பிறவி மண், கீழ்ப் பாதி தள்ளின மண். பெட்டியின் உள் முனை இரண்டும் கெட்டித் தரையில், வெளி முனை இரண்டும் தள்ளின மண்ணில். முதல் ஐப்பசி மழையில் வெளி முனை இறங்கும். ஆகையால் நாலு முனையும் பிறவி மண்ணில் வருகிற மாதிரி இடத்தை வெட்டுங்கள். முடியாது என்றால், வெளி முனைக்குத் தள்ளின மண்ணைத் தோண்டி, அடியிலுள்ள கெட்டித் தரை வரைக்கும் போய், அங்கிருந்து கல் தூணோ கான்கிரீட் தூணோ எழுப்புங்கள்.

ஒரு முனைக்கு எவ்வளவு பாரம்? பெட்டிக்குள் 15 டன் உரம் என்று வைத்தால், பெட்டி எடையும் சேர்த்து ஒரு முனைக்கு நாலு டன்னுக்கு மேல் வரும். இரண்டடிக்கு இரண்டடியாவது அடிப்பீடம் வேண்டும். களிமண் தரை, ஊறின தரை என்றால் இன்னும் அகலம். பீடம் தரைக்கு மேல் ஓரடி, ஒன்றரை அடி இருக்கட்டும். அடியில் காற்று ஓடும், ஈரம் காயும், குனிந்து பார்த்தால் கரையான் புற்றும் எலி வளையும் தெரியும். மரக்கட்டை வைக்காதீர்கள், மக்கிப்போகும்.

இடம் குறிக்கும்போது குறுக்கு அளவு பார்க்க வேண்டும். வெளி முனைக்கு வெளி முனை, குறுக்கே இரண்டு பக்கமும் 21 அடி 5 அங்குலம் வரவேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் மூலை சதுரம். மட்டம் பார்க்க ரசமட்டம் மட்டும் போதாது, 20 அடி தூரத்துக்கு அது ஏமாற்றும். கொத்தனார் வைத்திருக்கிற தண்ணீர் டியூப்தான் நம்பகம். டியூப்பில் காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டு, நாலு பீடத்திலும் ஒரே கோடு வருகிறதா என்று பாருங்கள். மழைநீர் கூரையில் நிற்காமல் வடிய வேண்டுமென்றால், கதவுக்கு எதிர்ப்புற முனை இரண்டையும் ஒரே அளவாக அரை அங்குலம் தாழ்த்தலாம். ஒன்றை மட்டும் தாழ்த்தக்கூடாது, அது முறுக்கு. கிரேன் பெட்டியை இறக்கின பிறகு, நாலு முனையும் கல்லில் பதிந்திருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். சந்து இருந்தால் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, இரும்புத் தகடு சொருகுங்கள். கதவு விரலால் தள்ளினாலும் ஓடவேண்டும், அதுதான் பரீட்சை. முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒரு தரம் மட்டம் பாருங்கள்.

மேல் பக்கத்தில் வெட்டின கரைக்கும் பெட்டிக்கும் நடுவே ஆள் நடக்கிற இடம் விட்டு, வடிகால் எடுங்கள். அந்தத் தண்ணீரைப் பீடத்துக்கு அடியில் விடாமல் சுற்றிக் கொண்டுபோய் விடவேண்டும். மழைக்கு முன்னால் வடிகாலில் இலை தழையை வாரிப்போட மறக்காதீர்கள்.

இனி உள்ளே. இரும்புக் கூரை பகலில் காயும், இரவில் பனியில் குளிரும். உள்ளே இருக்கிற ஈரக் காற்று கூரையில் வியர்த்து, சொட்டுச் சொட்டாகச் சரக்கில் விழும். ஆகவே மேலே ஒரு கீற்றுக் கூரையோ தகரக் கூரையோ இடைவெளி விட்டுப் போடுங்கள், காற்றுக்குத் துவாரம் வையுங்கள். பெட்டியின் பலகைத் தரைக்குப் பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றியிருப்பார்கள். முன்னே என்ன சரக்கு ஏற்றினார்களோ அதன் வாடையும் இருக்கும். ஏலக்காய் வாடையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மூட்டையைத் தரையில் படவிடாமல் பலகை அட்டிமேல் வையுங்கள். 10 பங்குக்குக் கீழே காய்ந்த காயை மட்டும், கறுப்புப் பாலிதீன் உறை போட்ட சாக்கில் கட்டி வையுங்கள். உரமும் பூச்சி மருந்தும் இருக்கிற பெட்டியில் ஏலக்காய் கூடவே கூடாது. இன்னொன்று: இந்தக் கதவுக்கு உள்பக்கத்தில் பிடி இல்லை. பிள்ளைகள் உள்ளே போய் மாட்டிக்கொள்ளாமல் எப்போதும் பூட்டி வையுங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு? 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரைக்கும் போயிற்று. 2021-ல் 1000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. விலை நம் கையில் இல்லை. சரக்கை வைத்திருந்து, வேண்டியபோது போடிக்கோ புத்தடிக்கோ ஏலத்துக்குக் கொண்டுபோகிற வசதி இருந்தால், அவசரத்துக்குத் தள்ளிவிட்டு வரவேண்டியதில்லை. ஆனால் நனைந்த காயை வைத்துக்கொண்டு விலைக்குக் காத்திருக்க முடியுமா?

பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, நாலு பீடத்துக்குக் கணக்குப் பார்ப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசித்த கதைதான். குலுக்கைக்கு அடியில் கல் வைத்த பாட்டியும், பெட்டிக்கு முனை வைத்த பொறியாளரும் செய்தது ஒரே வேலை. பாரத்தைத் தாங்குகிற இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தைக் கெட்டிப்படுத்தினார்கள். நாமும் அதையே செய்வோம்.